இந்தத் தடத்தில் யார் போகிறார்கள்?

நாகப்பட்டினத்தில் பிறந்தவளுக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதன் உச்சியில் சைக்கிளை நிறுத்தினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே எங்கள் ஊர். எல்லாம் ஒரே மட்டத்தில் தாம்பாளம் போலக் கிடக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் "மேட்டுக்கு ஓடுங்க" என்று யாரோ கத்தியபோது, எந்த மேட்டுக்கு என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவும் நானும் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் நின்று பிழைத்தோம். அப்பா ஆழ்கடலில் இருந்தார். தன் படகுக்கு அடியில் அலை கடந்து போனதே அவருக்குத் தெரியவில்லை. கரைக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது.

2011இல் வங்கி வேலையில் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது. சேலம் தாண்டி, தொப்பூர் கணவாயில் பஸ் முக்கி முக்கி ஏறியபோது இரண்டு பக்கமும் மலை எழுந்து நின்றது. ஏழு வருடமாக உடம்புக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அங்கே கொஞ்சம் தளர்ந்தது. ஓடுவதற்கு இங்கே மேடு இருக்கிறது என்ற நினைப்புதான் அது. எனக்கு மலைமேல் வந்த ஆசைக்கு வேர் அதுதான். இயற்கை ரசனை எல்லாம் பிறகு வந்தது.

வாடகைக்கு எடுத்த வீட்டின் மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே நீல நிறத்தில் ஒரு சுவர் தெரியும். வத்தல்மலை என்றார்கள். முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக்குப் போய், டீக்கடையில் "மேலே நடந்து போக வழி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குதே, அந்தப் பக்கமா போங்க" என்றார் ஒருவர். கொஞ்ச தூரம் போய் இன்னொருவரைக் கேட்டேன். அவரும் இருக்குது என்றார், ஆனால் வேறு பக்கம் கையைக் காட்டினார். மாந்தோப்பு முடிந்து கரடு தொடங்கும் இடத்தில் பத்துத் தடங்கள் விரல்கள் போலப் பிரிந்தன. நல்லதாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்து ஏறினேன். அரை மணி நேரத்தில் அது ஒரு சூரைமுள் புதருக்குள் போய் முடிந்தது. திரும்பி வந்து அடுத்ததைப் பிடித்தேன். அது உண்ணிச்செடிக்குள் முடிந்தது. புடவை கிழிந்து, கை கால் எல்லாம் கீறலோடு மதியம் இறங்கி வந்தேன்.

அதே டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மலைமேல் ஊர்க்காரர், சந்தைக்கு இறங்கியவர். என் கோலத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். அவர் சொன்ன பதிலை இத்தனை வருடமும் கூடவே வைத்திருக்கிறேன்.

"வழி இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குதுன்னுதாம்மா சொல்லுவாங்க. இல்லைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? அந்தத் தடத்துல இப்போ யாரு போறாங்க, எதுக்குப் போறாங்கன்னு கேளு. அப்பத்தான் தெரியும்."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மலைத்தடம் யாராவது ஒரு வேலையாக நடப்பதால் மட்டும் உயிரோடு இருக்கிறது. நடப்பவர் யார் என்று தெரிந்தால், அது எங்கே போகும், எங்கே முடியும், எந்த மாதத்தில் திறந்திருக்கும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

அன்று என்னை ஏமாற்றியது ஆட்டுத்தடம். ஆடு எந்த ஊருக்கும் போவதற்காக நடப்பதில்லை, மேய்வதற்காக நடக்கிறது. அதனால் அதன் தடம் நூறாகப் பிரியும், தழை இருக்கும் இடத்தில் தேய்ந்து நின்றுவிடும். புழுக்கை நிறையக் கிடந்து தடம் அகலமாக இருந்தால் நம்பிவிடத் தோன்றும். நம்பக் கூடாது. மாட்டுத்தடம் வேறு. அது கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும், ஓடைக்கோ சுனைக்கோ. கோடையில் அது பெரிய உதவி. கழுதைத்தடம் எல்லாவற்றையும்விட மேல். சுமை ஏற்றிய கழுதை செங்குத்தாக ஏறாது, வளைந்து வளைந்து சீரான சரிவில்தான் போகும். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போகும் படம் தேர்தல் நேரத்தில் பத்திரிகைகளில் வரும். எல்லாரும் கழுதையைப் பார்ப்பார்கள், நான் அதன் காலடியைப் பார்ப்பேன். கல் பாவி, ஓரத்தில் அணை கட்டி, மழைநீர் குறுக்கே வழிந்தோட வாய் விட்டு, எத்தனை தலைமுறை உழைப்பு அந்தப் பாதை!

மனிதர்கள் நடக்கும் தடத்துக்கும் பருவம் உண்டு. எங்கள் கிளையில் கடைநிலை ஊழியராக இருந்தவரின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கரட்டோரத்து ஊரில் பிறந்தவர். என்னோடு மலை ஏறத் துணையாக வந்தவர், வருபவர், எனக்கு இந்த வட்டாரத்தைக் கற்றுக்கொடுத்தவர். அவர் கணக்கில் மாசி, பங்குனி என்றால் புளித்தடம். புளி உலுக்கப் போகிறவர்கள் அந்த இரண்டு மாதம் மரம் மரமாகத் தடம் போட்டு வைத்திருப்பார்கள். ஆவணி முதல் ஐப்பசி வரை சீத்தாப்பழத் தடம். கரட்டில் தானாக விளையும் சீத்தாவைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து இறக்கும் பெண்களின் தடம் அது. சுமையோடு இறங்குவதால் கால் வைக்கும் இடமெல்லாம் உறுதியாக இருக்கும். கோயில் தடம் வருடத்தில் சில நாள்தான் விழித்திருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் குன்றுமேல் பெருமாள் இருக்கிறார் என்றால் புரட்டாசிக்கு முன்னால் ஊரே சேர்ந்து முள் வெட்டும். ஆகவே அந்தக் குன்றுகளுக்கு நான் புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை கழிந்த வாரம் போவேன். கூட்டம் இருக்காது, தடம் இருக்கும். தை மாதம் போனால் புல் மூடியிருக்கும்.

தடம் தேடும் கண்ணும் பழகப் பழகத்தான் வருகிறது. மண்ணில் தடம் எளிது, பாறையில்தான் சிரமம். இந்த வட்டாரத்து மலைகள் பாதிக்கு மேல் மொட்டைப்பாறை. வெறுங்கால் பல காலம் பட்ட இடத்தில் பாறையின் கருமை தேய்ந்து வெளிறி, ஒரு கோடு போல மெல்லிய பளபளப்பு இருக்கும். நடுப்பகலில் அது தெரியாது. காலை ஏழு மணி வெயில் சாய்ந்து விழும்போதுதான் தெரியும். ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு தாண்டு இடைவெளியில் மூன்று கல் கிடந்தால் அது தற்செயல் இல்லை. மரத்தடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு கல் நட்டிருந்தால் அங்கே சாமி இருக்கிறது, சாமி இருந்தால் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்தது, தோள் உயரத்துக்கு. தலைச்சுமைக்காரர் யார் துணையும் இல்லாமல் சுமையை அதில் சாய்த்து இறக்கி மூச்சு வாங்கலாம், மறுபடி தானே ஏற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாகத்தான் இவற்றை நட்டு வைத்தார்கள். இறக்க முடியாத சுமையோடு போனவள் பேரில் மற்றவர்கள் சுமை இறங்கட்டும் என்று. இன்று முள்ளுக்காட்டில் தனியாக ஒரு சுமைதாங்கி நிற்கிறது என்றால் அங்கே ஒரு காலத்தில் பெருவழி இருந்தது என்று பொருள். நான் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவேன்.

நடுகல்லும் அப்படித்தான். செங்கம், தர்மபுரி வட்டாரம் நடுகற்களின் நாடு. பல்லவன் சிம்மவிட்டுணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டு பொறித்த கற்கள்கூட இங்கே கிடைத்திருக்கின்றன. கல்லில் "தொறு" என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவர வந்தவனோடு மோதி மந்தையை மீட்டு விழுந்தவனுக்குக் கல். இதை வரலாறாக மட்டும் படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு நாள் கணவாய் ஓரத்தில் வில்லேந்திய வீரன் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பையன் மாடு ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தபோது சட்டென்று உறைத்தது. மந்தை போன வழியில்தானே சண்டை நடந்திருக்கும்? கல் நிற்கும் இடமே பழைய மாட்டுத்தடம். ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் மாடு அதே வழியில் தண்ணீருக்குப் போகிறது.

வரைபடம் பார்க்க மாட்டாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பார்ப்பேன், மிகவும் பிடித்துப் பார்ப்பேன். இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 57 எல் என்ற கட்டத்தில் வருகின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் 57 எச். ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கும் தாள். மலையின் உயரம் பழுப்பு நிற வளைகோடுகளாக இருக்கும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 20 மீட்டர் ஏற்றம். கோடுகள் நெருங்கினால் மூச்சு வாங்கும், விலகினால் ஆசுவாசம். நடைபாதைகளை விட்டு விட்டுப் போகும் சிவப்புக் கோடுகளாகக் காட்டியிருப்பார்கள். அந்தத் தாளை முதலில் பார்த்தபோது மலை முழுக்கச் சிவப்பு நூல் ஓடுவதைக் கண்டு பூரித்துப்போனேன். நேரில் போனால் பாதிக்கு மேல் இல்லை. அளவை செய்த காலத்தில் அங்கே நடந்தவர்கள் இப்போது நடப்பதில்லை. எனவே ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் ஒரு கேள்வியாக அடிவாரத்துக்கு எடுத்துப் போகிறேன். செல்பேசியின் செயற்கைக்கோள் படத்தில் தடம் வெளிர் நூலாகத் தெரியும். ஆனால் கோடையில் எடுத்த படத்தில் மட்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்ததில் எல்லாம் பச்சை.

கோட்டை மலைகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அங்கே வழி தேட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில் பாறையில் வெட்டிய படிகளே கூட்டிப் போகும். ராயக்கோட்டைக்கு ரயிலிலேயே போய் இறங்கலாம். 1791 ஜூலையில் திப்புவின் வீரர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிப் படை பிடித்த கோட்டை அது. அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையில் அருணகிரிநாதர் ஏறிய குன்றில் நாமும் படியேறலாம், மேலே ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து விழுவதைத் தலையில் வாங்கலாம். புதிதாக நடக்க ஆரம்பிப்பவர்கள் இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். காலை ஆறு மணிக்கு ஏறி, பாறை சுடுவதற்குள் இறங்கிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் பத்து மணிக்குமேல் மொட்டைப்பாறையில் நிற்பது உடம்புக்கு ஆபத்து. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் பொரிகடலை, தலைக்குத் துண்டு. வேறு பெரிய சாமான் எதுவும் வேண்டாம்.

சூளகிரிக்குப் பக்கத்து மல்லசந்திரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஊரைத் தாண்டி ஒரு மொட்டைக் குன்று. மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டிய வரை கல்வீடுகள், பலகைக் கற்களை நிறுத்தி மேலே பலகைக் கல்லை மூடி, சுற்றிலும் வட்டமாகக் கற்களை நட்டு. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். ஊரார் பாண்டவர் வீடு என்கிறார்கள். சில அறைகளின் உட்புறத்தில் வெள்ளை நிறத்தில் ஓவியம் இருக்கிறது. பல வீடுகள் சரிந்துவிட்டன, சிலவற்றைப் புதையல் தேடுகிறேன் என்று தோண்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்க வயிறு எரிந்தது. அந்தக் குன்றில் நின்றபோது எனக்குத் தோன்றியது இது: இவ்வளவு பெரிய பலகைகளை இங்கே நகர்த்தியவர்களுக்கும் ஒரு தடம் இருந்திருக்கும். இறந்தவரைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கும் இருந்திருக்கும். தயவுசெய்து அங்கே போகிறவர்கள் கற்களின்மேல் ஏறி நிற்காதீர்கள். படம் எடுப்பதற்காக எந்தக் கல்லையும் நகர்த்தாதீர்கள்.

சித்தேரி மலையடிவாரத்தில் நான் ஒரு பாடம் படித்தேன். முள்ளுக்குப் பயந்து அப்போது புடவையை விட்டு, காக்கி நிறத்தில் ஒரு முழுக்கால் சட்டை வாங்கியிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு போய், குழாயடியில் நின்ற ஒரு அம்மாவிடம் வழக்கம்போல, "மலைமேல இந்தத் தடத்துல யாரும்மா போறாங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா குடத்தைக்கூட நிரப்பாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டிலும் கதவு சாத்திக்கொண்டது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "இந்த ஊர்ப் பக்கம் இந்தக் கலர் போட்டுக்கிட்டு வந்து, மலைக்கு யாரு போறாங்கன்னு கேக்கலாமா மேடம்?" என்றார். எனக்கு அதன்பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். ஊரையே சூறையாடி அடித்து நொறுக்கினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். வழக்கு நடந்து முடிய 19 வருடம் ஆனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தடத்தில் யார் போகிறார்கள் என்ற கேள்வியை எனக்கு முன்னால் அந்த மக்களிடம் கேட்டவர்கள் யார், எதற்காகக் கேட்டார்கள் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. அந்தச் சட்டையை அதற்குப் பிறகு போடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நான் யார், எந்த ஊர், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, பிறகுதான் தடத்தைப் பற்றி எடுக்கிறேன். பல நாள் தடத்தைப் பற்றிக் கேட்காமலே திரும்பியிருக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளையடித்த கல்குவியல் தெரிந்தால் அதற்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு அனுமதி விதிகள் இன்னும் இறுகின. சரிதான் என்பேன். காய்ந்த புல்லில் தீ ஏறும் வேகத்தை ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், மனிதக் கால் அதை முந்தாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளை முறைப்படி திறந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அய்யூர் சாமி ஏரியும் அதில் உண்டு. வழிகாட்டியாகக் கூட வருபவர்கள் அந்தந்த மலையைச் சேர்ந்தவர்கள். அப்படிப் போங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மேலகிரி மலைகளில் வழிகாட்டி இல்லாமல் நடப்பது நடக்கக் கூடாத காரியம். காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அங்கே இருக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் ராகி முற்றும் வாசனைக்கு கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கும். அந்த மாதங்களில் அங்குள்ள அகலமான நல்ல தடத்தைப் பார்த்து யார் போகிறார்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

இனி வத்தல்மலைக்கு வருகிறேன்.

டீக்கடைப் பெரியவரோடு பழக்கம் தொடர்ந்தது. மேலே இருப்பவர்களை மலையாளிகள் என்பார்கள், கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பெரியவர் அந்தக் கதையை எனக்குச் சொன்னபோது மூவரும் ஏறிய வழிகளை விரலால் தரையில் கோடு போட்டே சொன்னார். சாலை வருவதற்கு முன் சாமையும் ராகியும் காபிக்கொட்டையும் தலைச்சுமையாக இறங்கிய தடத்தையும் அப்படியே போட்டுக் காட்டினார். இறங்க இரண்டு மணி நேரம், உப்பும் மண்ணெண்ணெயும் சுமந்துகொண்டு ஏற மூன்றரை மணி நேரம். அடிவாரத்தில் சுமைதாங்கி ஒன்று நிற்கிறது, அது அந்தத் தடத்தின் கீழ்முனை. மேல்முனை எங்கே என்று கேட்டேன்.

"மேல தடம் இறங்குற எடத்துல நின்னு பாத்தா, ஏரி மதகும் மாரியம்மன் கோயில் அரசமரமும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்கும். ராத்திரி நிலா வெளிச்சத்துல கூட அத வெச்சுத்தான் எறங்குவோம்."

சாலை வந்தது. பஸ்ஸும் வந்தது. தடம் போயிற்று. சில வருடத்தில் உண்ணிச்செடி மூடிவிட்டது. சுமைதாங்கியிலிருந்து ஏறிப் பார்த்தேன், முந்நூறு அடிக்குமேல் உடம்பு நுழையவில்லை. எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. அந்தத் துக்கத்தைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தம்பி மனைவியைப் பிரசவ வலியோடு தூளி கட்டி மூங்கிலில் தூக்கிக்கொண்டு நான்கு பேர் அந்தத் தடத்தில் இறங்கிய ராத்திரியைச் சொன்னார். "பாதி வழியிலயே முடிஞ்சு போச்சும்மா." அப்புறம், "ரோடு வந்த அன்னிக்கு எங்க ஊர்ல பொங்கல் வெச்சோம்" என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தடத்தைப் பற்றி மேலே யாரிடமும் ஐயோ போயிற்றே என்று பேசியதில்லை. ஆனாலும் ஒரு முறையாவது அதன் மேல்முனையில் நிற்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. அத்தனை பேர் சுமந்து இறங்கிய வழி இன்ன இடத்தில் தொடங்கியது என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெரியவர் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். நான் இரண்டு முறை தேடிப் போனேன். ஒரு முறை மூடுபனி. இன்னொரு முறை விளிம்போடு நடந்து நடந்து பார்த்தும் மதகும் மரமும் எனக்கு ஒன்று சேரவில்லை.

போன தை மாதம் அப்பா வந்திருந்தார். எழுபத்தி மூன்று வயது, முட்டி வலி, கடலை விட்டுப் பத்து வருடம். மலையைப் பார்க்கிறேன் என்றார். அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே போனோம். வளைவுக்கு வளைவு அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டே வந்தார். மேலே இறங்கியதும் பெரியவர் சொன்ன அடையாளத்தை அவரிடம் சொன்னேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ஆளுங்க மாதிரியே சொல்லியிருக்காரே!"

சின்ன வயதில் அவர் எனக்குச் சொன்னதுண்டு. கடலில் தடம் கிடையாது. மீன் கிடைக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, மறுநாளும் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கரையில் இரண்டு பொருளை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். வடக்கே நாகூர் தர்காவின் பெரிய மினாராவும் அதற்கு முன்னால் ஒரு பனையும். தெற்கே வேளாங்கண்ணிக் கோபுரமும் ஒரு சவுக்குத் தோப்பின் முனையும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலையை இறக்கினால் அதுதான் இடம்.

மலை விளிம்பில் காபித் தோட்டத்து ஓரமாக அப்பா நடந்தார். நான் தேடியது போல ஓடி ஓடித் தேடவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கீழே ஏரியைப் பார்ப்பதும், நான்கு எட்டு வைப்பதும், நிற்பதும். "மதகு வலது பக்கம் ஒதுங்கி நிக்குது. இன்னும் தெக்கால போவணும்." இன்னும் கொஞ்ச தூரம். "இப்ப தாண்டிருச்சு." இரண்டு எட்டு பின்னால் வந்தார். நின்றார்.

"இங்க வாம்மா. என் தோளுக்கு நேரா பாரு."

பார்த்தேன். அரசமரத்தின் தலைக்கு நேராக மதகின் வெள்ளைச் சுவர் நின்றது, ஒன்றுமேல் ஒன்று. காலடியில் உண்ணிச்செடி இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தது. அக்கா கம்பால் அதை விலக்கினார். உள்ளே மூன்று படிக்கல், நடுவில் கால் பட்டுப் பட்டுக் குழிந்து, பாசி பிடித்து, சரிவுக்குள் இறங்கிப் போயின. அதற்குக் கீழே இருட்டு.

தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்ன தேடுகிறோம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா படிக்கல்லைக் காட்டினார்.

"அதுவா தாத்தா? அது எங்க மாமனார் காலத்துத் தடம். இப்போ யாரும் அதுல போறதில்ல."

"ஏம்மா?"

"அதான் பஸ்ஸு வருதே."

அப்பா தலையாட்டினார். குனிய முடியாததால் செருப்பைக் கழற்றிவிட்டு, மேல் படிக்கல்லின் குழியில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. நான்கு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்தப் பெண் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நாங்களும் பஸ்ஸிலேயே இறங்கினோம்.